எழுவைதீவின் இருட்டுக் காலமும் ஒரு மங்கிய வில்லும்

எங்கள் பௌதிகவியல் துறையில் இப்போது பணிபுரியும் இளம் ஆய்வாளர்கள் அண்மையில் என்னை அழைத்துப் புதிய கணினி நிரலொன்றைக் காட்டினார்கள். ஒரு விண்மீன் மண்டலத்தின் படத்தைக் கொடுத்தால், அதைச் சுற்றித் தெரியும் மிக மங்கலான ஒளிக்கீற்றுகளில் எது வானத்தில் உள்ளது, எது கருவியின் குற்றம் என்று அந்த நிரல் தானே பிரித்துவிடுகிறது. என் பணிக்காலத்தின் பெரும்பகுதி அந்த ஒரு வேலையிலேயே கழிந்தது. "அப்ப நீங்கள் எதை வைச்சு நம்பினனீங்கள், மிஸ்?" என்று அவர்களில் ஒருத்தி கேட்டாள். நம்பிய கதை என்னிடம் அதிகம் இல்லை. நம்ப மறுத்த கதைகள் நிறைய உண்டு. அவற்றுள் ஒன்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் எங்கள் தேடலைச் சொல்லிவிட வேண்டும். விண்மீன் மண்டலங்கள் இன்றுள்ள பருமனோடு பிறந்தவை அல்ல. ஆதியில் வாயுவும் கண்ணுக்குப் புலப்படாத பொருளும் ஈர்ப்பினால் திரண்டு சிறு மண்டலங்களாயின. அவை ஒன்றையொன்று இழுத்து மோதின. பெரியவை சிறியவற்றை உள்வாங்கின. நமது பால்வீதியும் அவ்வாறு வளர்ந்ததே, இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு சிறிய மண்டலம் பெரியதற்குள் விழும்போது உடனே கரைந்து போவதில்லை. ஈர்ப்பு அதை இழுத்து நீட்டி, விண்மீன்களால் ஆன நாடாவாகப் பெரிய மண்டலத்தைச் சுற்றிப் படரவிடுகிறது. அந்த நாடா மிக நெடுங்காலம் அழியாமல் கிடக்கும். அதைக் கண்டவர், அந்த மண்டலம் எதை உண்டு வளர்ந்தது என்பதைக் கண்டவராவார். ஆனால் அதன் ஒளி, இருண்ட இரவு வானத்தின் ஒளியைவிடவும் பலநூறு மடங்கு மங்கலானது. அவ்வளவு மங்கலான ஒன்றைக் காண ஆசைப்படும் கண்ணுக்கு, அதைப் போன்ற பொய்களும் சேர்ந்தே தெரியும்.

சுருவிலில் பிறந்தேன்; வேலணையில் படித்தேன்; பல்கலைக்கழகத்தில் பௌதிகவியலில் பட்டம் பெற்றேன்; வெளிநாட்டு அவதான நிலையமொன்றில் சிலகாலம் படங்களைத் துப்புரவாக்கும் முறைகளைப் பழகினேன். திரும்பி வந்தபோது, பேராசிரியர் சபாநாதன் எழுவைதீவில் சிறு தொலைகாட்டி நிலையமொன்றை அமைத்துக்கொண்டிருந்தார். ஆய்வு உத்தியோகத்தராக அவரிடம் சேர்ந்தேன்.

நாங்கள் 'சேர்' என்று அழைத்த பேராசிரியர் உயரம் குறைந்தவர். சத்தம் போட்டுப் பேசாதவர். எதையும் நன்று என்று சொல்லாதவர். நாங்கள் ஒரு படத்தைக் கொண்டுபோய் மேசையில் வைத்தால் படத்தைப் பாராமல் எங்களைப் பார்ப்பார். "இதிலை உமக்கு என்ன விருப்பம்?" என்பதே அவருடைய முதற் கேள்வி. நமக்கு விருப்பமான ஒன்று படத்தில் தெரிந்தால் அந்த இடத்தில்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அதன்பின் ஒழுங்காக வருவார்: லென்ஸைச் சந்தேகி, கமராவைச் சந்தேகி, காற்றைச் சந்தேகி, கீழேயுள்ள கடலைச் சந்தேகி, நமது பால்வீதியின் தூசியைச் சந்தேகி, எல்லாம் முடிந்தபின் உன்னைச் சந்தேகி.

எங்கள் நடைமுறைகள் அந்தச் சந்தேகங்களிலிருந்தே பிறந்தவை. அந்தி வானம் ஒரே சீராக வெளுத்திருக்கும் சொற்ப நேரத்தில் வெற்று வானத்தைப் படமெடுப்போம்; லென்ஸில் ஒட்டிய உப்பும் தூசியும் அதில் கறையாகத் தெரியும். மூடியைப் போட்டுவிட்டும் படமெடுப்போம். கமரா தன்பாட்டில் உண்டாக்கும் பொய் வெளிச்சம் அதில் வரும். இரண்டையும் கணக்கிட்டு நீக்கியபின் ஒரே மண்டலத்தின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவோம். பின்னர், கமராவை அதன் இருப்பிடத்திலேயே கால்வட்டம் திருப்பி மறுபடி எடுப்போம். கமராவின் குற்றமென்றால் அதுவும் கமராவோடு திரும்பும். வானத்தில் உள்ளது திரும்பாது. இந்தச் சோதனையில் எத்தனையோ கண்டுபிடிப்புகள் செத்துப்போயின. அவற்றுக்காக நான் வருந்தியதில்லை.

நிலையம் என்று பெருமையாகச் சொன்னாலும் அது தீவின் ஓரத்தில், பனைகளுக்கு அப்பால், தள்ளித் திறக்கும் கூரையுடைய ஒரு சீமெந்து அறை. ஊர்காவற்றுறையிலிருந்து படகில் சாமான்களோடு போய் இறங்குவோம். வாடைக்காற்று ஓய்ந்து தென்மேற்குச் சோளகக்காற்று தொடங்குவதற்கு இடைப்பட்ட மாதங்களே எங்களுக்கு வாய்த்தவை. அந்த மாதங்களிலும் அமாவாசையை ஒட்டிய நாட்களே உதவும். நிலவு வந்தால் நாங்கள் தேடும் ஒளி அதில் மூழ்கிவிடும். ஆகவே இருட்டுக்கு வருவோம், நிலவுக்குத் திரும்புவோம்.

இந்த வருகையும் போக்குமே எங்கள்மீது ஊரின் சந்தேகத்தை மூட்டியது என்பது எங்களுக்கு வெகுநாள் விளங்கவில்லை. தீவின் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் யேசுதாசன் அண்ணை ஒருநாள் வேலிக்கு வெளியே நின்று, எந்த முகமனும் இன்றி அதைச் சொன்னார்.

"நீங்கள் வாறது இருட்டுக்கு, போறது நிலவுக்கு. நாங்கள் கடலுக்குப் போறதும் அந்த நாளிலைதான். மேலை பாக்கிற ஆக்களுக்கு எங்கட நாள் என்னத்துக்கு, தங்கச்சி?"

நிலவொளியில் மங்கிய மண்டலங்கள் தெரியாது என்று விளக்கினேன். நிலவில் மீன் வலையைக் கண்டு விலகும் என்று அவர் விளக்கினார். இரண்டும் ஒரே காரணம்தான். ஆனால் அவர் முகம் இளகவில்லை. உயரத்தில் எதை நட்டாலும் அது யாரையோ பார்ப்பதற்காகவே என்று போரின் பல்லாண்டுகளில் கற்றுக்கொண்ட ஊர் அது. எங்கள் கூரைமீது, தொலைகாட்டியைத் தவிர, வானம் முழுவதையும் அடிவானம்வரை ஒரே படமாக எடுக்கும் சிறிய கமராவொன்றும் இருந்தது. முகில் எப்போது வந்தது, மூடுபனிப் புகார் எந்தத் திசையில் கட்டியது என்று பார்ப்பதற்காக வைத்தது. "அது கடலையும் பாக்குமோ?" என்று கேட்டார். கடலின் விளிம்பும் அதில் விழும் என்று உண்மையைச் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். அதன்பின் எங்கள் தண்ணீர்த் தாங்கியைக் கரையிலிருந்து தூக்கிவர ஆள் கிடைக்கவில்லை.

அந்தக் காலத்தில்தான் வில் வந்தது.

தெற்கு வானில் தாழ்வாகவே நகரும் ஒரு மண்டலம். அதன் கீழ்ப்புறமாக, நகக்கீறலை ஒத்த, வில் போன்ற ஒரு வளைவு தெரிந்தது. அதன் தெற்கு முனையில் சிறிய முடிச்சு. முடிச்சு, சிதைந்த சிறிய மண்டலத்தின் எஞ்சிய நடுப்பகுதியாகவும், வளைவு அதிலிருந்து உரிந்த நாடாவாகவும் இருக்கலாம். ஒரு மண்டலம் இன்னொன்றை உண்ணும் நேரத்தில் கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றியது. சேர் என்னைப் பார்த்தார். "திருப்பும்" என்றார். திருப்பினேன். வில் அசையவில்லை. முடிச்சும் அசையவில்லை.

"கமரா தப்பிச்சுது. கடல் தப்பேல்லை" என்றார் சேர்.

அவர் சொன்னதன் பொருள் இது. அந்த மண்டலம் தன் தாழ்ந்த பாதையின் உச்சிக்கு வரும் வேளையில் மட்டுமே அதைப் படமெடுக்க முடிந்தது. எழும்போதும் சாயும்போதும் அது அடிவானத்தின் தடித்த காற்றுக்குள் புதைந்திருக்கும். ஆகவே எந்த இரவிலும் படத்தின் கீழ்ப்புறம் தெற்குக் கடலை நோக்கியே இருந்தது. கடலில் வெளிச்சம் இருந்தால் அது எப்போதும் ஒரே பக்கத்தால் தொலைகாட்டிக் குழாய்க்குள் கசியும். கமராவைத் திருப்பலாம், கடலைத் திருப்ப ஏலாது.

கடலில் வெளிச்சம் இருந்தது. வேறு இடங்களிலிருந்து வரும் பெரிய படகுகள், சட்டம் அனுமதிக்காத விதத்தில், பிரகாசமான விளக்குகளைப் பாய்ச்சி மீனைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தன. எங்கள் கூரைக் கமராவில் சில இரவுகளில் தெற்கு விளிம்பு வெளுத்திருந்தது. அந்த இரவுகளை விலக்கி, எஞ்சியவற்றை மட்டும் அடுக்கினால் வில் நிற்குமா விழுமா என்பதே கேள்வி. நல்ல இரவுகள் போதாமல் இருந்தன. இன்னொரு பருவம் தேவைப்பட்டது.

அப்போதுதான் கடற்றொழிலைக் கண்காணிக்கும் திணைக்களமொன்றின் அதிகாரி எங்களைத் தேடி வந்தார். பண்பானவர். கதிரையில் அமர்ந்து தேநீர் குடித்தார். இருட்டு நாட்களில் மட்டும் இங்கு ஏன் வருகிறோம் என்று அவரும் கேட்டார். பின்னர், கூரைக் கமராவின் படங்களைத் தினமும் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்ப முடியுமா என்றார். வெளிச்சம் எந்தத் திசையில் தெரிகிறது என்று அறிந்தால் படகை அனுப்பிப் பிடித்துவிடலாம். அந்தப் படகுகள் கடலை வெறுமையாக்குகின்றன என்று அவர் சொன்னதில் பொய் எதுவும் இருக்கவில்லை. நிலையத்துக்கான அனுமதி தங்கள் சிபாரிசோடுதான் புதுப்பிக்கப்படுகிறது என்பதையும் போகும்போது நினைவூட்டினார்.

செய்தி எங்களுக்கு முன்பே கரைக்குப் போயிருந்தது. மறுநாள் காலை யேசுதாசன் அண்ணை மறுபடி வேலியடியில் நின்றார்.

"குடுக்கப் போறியளோ?"

இன்னும் தீர்மானிக்கவில்லை என்றேன். அவர் நெடுநேரம் பேசினார். வெளிச்சப் படகுகளால் முதலில் கெட்டுப்போகிறவர்கள் தங்களைப் போன்ற சிறு வலைக்காரரே என்று அவரே சொன்னார். ஆனால் அந்தப் படகுகளில் கூலிக்கு நிற்பவர்கள் யார்? வலையும் வள்ளமும் இழந்த இந்தத் தீவுக்காரர்கள்தாம். அவருடைய தங்கையின் கணவரும் அவர்களில் ஒருவர். பிடிபடும்போது முதலாளி கரையில் இருப்பார். பிடிபடுபவன் படகில் இருப்பான். அந்த மனிதர் சிறைக்குப் போனால் தங்கையும் மூன்று பிள்ளைகளும் தன் வாசலுக்கே வருவார்கள் என்றார்.

நாங்கள் எதைத் தேடுகிறோம் என்பதையும் அன்றுதான் அவரிடம் முழுமையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் முதன்முறையாகச் சிரித்தார்.

"பெரிசு சின்னனை விழுங்கிறதைப் பாக்க இவ்வளவு தூரம் பாக்கவேணுமே? இறங்கிக் கரைக்கு வாங்கோ, காட்டுறன்."

நான் பலநாள் யோசித்தேன். படங்களைக் கொடுப்பது சட்டத்துக்கு உதவி. கடலுக்கும் உதவியாக இருக்கக்கூடும். கொடுத்துவிட்டால், இனி எந்தத் தீவில் எந்த ஆய்வுக் கருவியை வைத்தாலும் அது வேவு பார்க்கும் கண் என்ற சந்தேகம் நியாயமாகிவிடும். மழைமானியைக்கூட ஒருவரும் நட விடமாட்டார்கள். கொடுக்காமல் படங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால், என்றோ ஒருநாள் எழுத்தில் உத்தரவு வரும், மறுக்க ஏலாது. எடுக்காமல் விடுவது ஒன்றே வழி. கூரைக் கமராவைச் சுற்றிக் கறுப்புத் தகட்டில் வளையம் அடித்து, அடிவானத்தை மறைத்துவிடலாம் என்று சேரிடம் சொன்னேன்.

அவர் கோபப்பட்டதை அன்றுதான் கண்டேன். "உம்முடைய வில்லுக்கு இருக்கிற ஒரே சாட்சி அந்த விளிம்புதான். அதைக் குருடாக்கிப்போட்டு, எந்த இரவு நல்லது எண்டு எப்பிடிச் சொல்லுவீர்?"

கேள்வி சரியானதே. தொலைகாட்டிப் படங்களின் பின்னணி வெளிச்சத்தை வைத்து ஓரளவு ஊகிக்கலாம், அது போதாது. ஆகவே யேசுதாசன் அண்ணையிடமே போனேன். வளையம் போடுகிறோம், ஆனால் எங்களுக்கு ஒரு சொல் வேண்டும் என்றேன். யார், எங்கே, எத்தனை என்று கேட்கமாட்டோம். முகிலோ புகாரோ வெளிச்சமோ, காரணம் வேண்டாம். தெற்குப் பக்கம் தெளிந்த இருட்டாக இருந்ததா இல்லையா என்பதை மட்டும் கடலிலிருந்து வந்தவர் காலையில் சொன்னால் போதும். "நல்லது", அல்லது "ஏலாது". அவர் சங்கத்தில் பேசிவிட்டு வந்து, ஓமென்றார். வளையம் ஏறியது. அடுத்த நாள் தண்ணீர்த் தாங்கியும் வந்து சேர்ந்தது.

சேர் நம்பினாரா? இல்லை. "பொய் சொன்னால்?" என்றார். அந்தப் பருவம் முழுவதும் ஊரின் சொல்லைத் தாம் மட்டும் குறித்துக்கொண்டார்; எனக்குச் சொல்லவில்லை. நான் படங்களின் பின்னணியை மட்டும் பார்த்து இரவுகளை நல்லது, கெட்டது எனப் பிரிக்க வேண்டும். பருவ முடிவில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பெரும்பாலும் பொருந்தின. சில இரவுகள் எல்லையில் நின்றன. ஊர் "நல்லது" என்ற இரவுகளை மட்டும் அடுக்கினோம். வில் நின்றது, முடிச்சும் நின்றது. பால்வீதியின் தூசி அந்தத் திசையில் எவ்வளவு என்று வேறு அளவீடுகளோடு ஒப்பிட்டோம். தூசி மிகக் குறைவு. கட்டுரையை எழுதத் தொடங்கினேன்.

சேரால் இன்னும் உறங்க முடியவில்லை. காணாத சாட்சியை வைத்துத் தாம் கையொப்பமிடுவதில்லை என்றார். அடுத்த பருவத்தின் முதல் இருட்டில், வயதையும் பாராமல், யேசுதாசன் அண்ணையின் வள்ளத்தில் தாமே கடலுக்குப் போனார்.

காலையில் இறங்குதுறைக்குப் போனேன். அதிகாரியும் தம் ஆட்களோடு அங்கே நின்றார். கரைக்கு வரும் வள்ளங்களை அவர் அவ்வப்போது சோதிப்பதுண்டு. இடுப்பில் நனைந்த சாரத்தோடு, வாந்தியெடுத்து வெளிறிய முகத்தோடு சேர் வள்ளத்திலிருந்து இறங்கினார். அவரைக் கண்டு அதிகாரி வியப்போடு அருகில் வந்தார்.

"சேர், இரவு வெளிச்சம் ஏதும் கண்டியளோ? எந்தப் பக்கம்?"

வலையைத் தூக்கிக்கொண்டிருந்த யேசுதாசன் அண்ணையின் கை நின்றது. அவருடைய தங்கையின் கணவர் அன்றிரவு எந்தப் படகில் நின்றார் என்பது எனக்குத் தெரியாது. அண்ணைக்குத் தெரியும். சேருக்கும் ஒருவேளை தெரிந்திருக்கலாம்.

சேர் என் பக்கம் திரும்பினார். "நேற்று ஏலாது" என்றார். பிறகு அதிகாரியிடம், "தம்பி, ராத்திரி என்ர படத்துக்கு உதவுமோ எண்டு பாக்கப் போனனான். உதவாது. அதுக்கு மேலை நான் சாட்சியில்லை" என்றார்.

அதிகாரி காரணத்தைக் கேட்டார். சேர் அதையே திருப்பிச் சொன்னார். அதிகாரி நம்பாத கண்ணோடு எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு அடுத்த வள்ளத்துக்குப் போனார். நிலையத்தின் அனுமதி அந்த ஆண்டு வெகுவாகத் தாமதித்துக் கிடைத்தது. அந்தக் கடலில் மீன் குறைந்ததற்கு எங்கள் மௌனத்திலும் பங்கு உண்டா என்ற கேள்வியை நான் இன்றுவரை தீர்க்கவில்லை. தீர்த்துவிட்டதாக யாரேனும் சொன்னால் அவரையும் சந்தேகிப்பேன்.

இரண்டு நாள் கழித்து, நண்பகலில், யேசுதாசன் அண்ணை முதன்முறையாக வேலியைக் கடந்து உள்ளே வந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து, அந்த வில்லைக் காட்டச் சொன்னார். திரையில் காட்டினேன். சேர் மேசையில் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"இது உண்மையிலை அங்கை இருக்கோ?"

"இருக்கெண்டுதான் நினைக்கிறம், அண்ணை."

"நினைக்கிறியளோ, தெரியுமோ?"

நான் சேரைப் பார்த்தேன். அவர் பேனாவை வைத்துவிட்டார். யேசுதாசன் அண்ணை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார்.

"போன பருவத்திலை, பெரிய வெள்ளிக்கு முந்தின அமாவாசைக்கு அடுத்த நாள், நான் நல்லதெண்டு சொன்னனான். அண்டைக்கு நல்லதில்லை. மச்சான் வெளிச்சப் படகிலை நிண்டவன். நான் கரைக்கு வரேக்கை அந்த அதிகாரி ஐயா துறையிலை நிண்டவர். ஏலாதெண்டால் அவருக்கு விளங்கிப்போடும் எண்டு பயந்திட்டன். சேர் அவரின்ர முகத்துக்கு முன்னாலையே ஏலாதெண்டு சொன்னார். நான் சொல்லேல்லை. அந்த நாளை எடுத்துப்போடுங்கோ."

அது எல்லையில் நின்ற இரவுகளில் ஒன்று. நல்ல இரவுகள் சிலவே என்பதால் ஒன்றின் கறைகூட மொத்தத்தில் ஊறிவிடும். அதை நீக்கினேன். கணினியை மறுபடி அடுக்கவிட்டேன்.

வில் நின்றது, சற்று மெலிந்து, ஓரம் தெளிந்து நின்றது. அதன் முனையிலிருந்த முடிச்சைக் காணவில்லை. விழுங்கப்பட்ட மண்டலத்தின் சிதையாத நடுப்பகுதி என்று கட்டுரையில் ஒரு முழுப் பக்கம் நான் எழுதியிருந்தது அந்த முடிச்சைப் பற்றித்தான்.

சேர் அந்தப் பக்கத்தை உருவி எடுத்து, நான்காக மடித்துத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"வேற ஏதும் நாள்?" என்று அண்ணையைக் கேட்டார்.

"இல்லை, சேர்."

"யோசிச்சுச் சொல்லும்."

யேசுதாசன் அண்ணை கதிரையைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

"நான் சொன்ன நாள் எல்லாத்தையும் முதல் நாளிலையிருந்து காட்டுங்கோ" என்றார்.